நன்கொடையும் நன்றியும்

பொதுக் காரியங்களுக்காகப் பணம் வசூலிக்கின்ற நமது தோழர்களிடத்தில் ஒரு பெருங்குறை இருந்து வருகின்றது. அதாவது, பணம் கேட்பதற்குத் தெரிந்திருக்கின்ற அளவில் கால் பங்கு கூட, பணத்தை வாங்கிய பிறகு கொடுத்தவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பது தெரிந்திருப்பதில்லை. இதன் பலன் என்னவென்றால், முதல் வருஷம் மேளதாளத்தோடு ஆரம்பமாகின்ற படிப்பகமும், இரவுப் பள்ளியும், ஏழைப் பிள்ளைகளின் படிப்பு நிதியும் இரண்டாவது வருஷத்திலேயே மூச்சுத் திணற ஆரம்பித்து, மூன்றாவது வருஷத்தில் பூட்டும் கையுமாய் நின்றுவிடுகின்றன. அப்போது நமது காரியதரிசிகள் சொல்லுகின்ற சமாதானம் என்ன? “ஜனங்களுக்குப் பொதுநல உணர்ச்சியே இல்லாமல் போய்விட்டது” என்பதுதான். இந்தச் சமாதானத்தை நாம் ஒப்புக்கொள்ளுவதற்கில்லை. உணர்ச்சி இல்லாத ஜனங்கள் முதல் வருஷம் மாத்திரம் எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்கின்றோம்.

நடப்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஊரில் நாலு வாலிபர்கள் சேர்ந்து ஒரு படிப்பகம் வைக்கத் தீர்மானிக்கின்றார்கள். துண்டு நோட்டீசு அடித்துக் கொண்டு வீடு வீடாய்ப் போகின்றார்கள். தையல்காரர் 50 ரூபாய் கொடுக்கின்றார். டீக்கடைக்காரர் 100 ரூபாய் கொடுக்கின்றார். நூறு நாள் வேலைக்குப் போய் வந்த ஒரு அம்மாள் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து 20 ரூபாய் கொடுக்கின்றாள். ரசீது சிலருக்குக் கிடைக்கும், பலருக்குக் கிடைக்காது. திறப்பு விழா நடக்கும். தலைவர்கள் பேசுவார்கள். அத்துடன் சரி. அந்த 50 ரூபாயில் என்ன புத்தகம் வந்தது, அதை யார் படித்தார்கள், விளக்கு எரிகின்றதா, பெஞ்சு வாங்கியாயிற்றா என்கின்ற ஒரு சேதியும் அந்தத் தையல்காரருக்கு வருஷம் முழுவதும் போய்ச் சேருவதில்லை. மறு வருஷம் அதே நாலு வாலிபர்கள், அதே நோட்டீசு, அதே வார்த்தை. அவர் மனதில் என்ன தோன்றும்? “போன வருஷம் கொடுத்தது என்ன ஆயிற்று?” என்றுதான் தோன்றும். வாய்விட்டுக் கேட்க மாட்டார், மரியாதைக்காரர். “அப்புறம் வாருங்கள் தம்பி” என்பார். அந்த “அப்புறம்” என்றைக்கும் வருவதில்லை.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உள்ள வியாதி என்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. நன்கொடை வசூலை ஒரு சாஸ்திரம் போலப் படித்து, அதற்கென்றே சம்பளக்காரர்களை வைத்திருக்கின்ற அமெரிக்காவிலேயே கூட, ஒரு ஸ்தாபனத்துக்கு முதல் முறையாய்ப் பணம் கொடுத்தவர்களில் அடுத்த வருஷமும் கொடுப்பவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் என்று அங்கு எடுக்கப்படும் கணக்குகள் காட்டுகின்றன. மற்ற நாலு பேரும் ஒரே தடவையோடு நின்றுவிடுகின்றார்கள். ஆகவே கேள்வி, கொடுக்கும் மனத்தை எப்படி உண்டாக்குவது என்பதல்ல. உண்டான மனத்தை எப்படிக் கெடுக்காமல் காப்பாற்றுவது என்பதேயாகும்.

நிற்க, இன்று நம்மிடையில் நன்றி என்னும் பேரால் நடப்பது என்ன? பெரிய தொகை கொடுத்தவருக்குப் பொன்னாடை, மாலை, மேடையில் நடுநாற்காலி, சுவரில் சலவைக்கல். சிறிய தொகை கொடுத்தவருக்கு ஒன்றுமில்லை. கோயிலுக்கு ஒரு குழல் விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்த விளக்கின் மேலேயே “உபயம்” என்று தன் பேரையும், தகப்பனார் பேரையும், கடைப் பேரையும் எழுதி, வெளிச்சம் வெளியே வருவதற்கு இடமில்லாமல் செய்கின்ற வழக்கத்தைப் பார்த்து நாம் சிரிக்கின்றோம். ஆனால் நமது படிப்பகங்களிலும் அதே விளக்குத்தான் எரிகின்றது என்பதை யோசிப்பதில்லை.

இதில் வெறும் வேடிக்கை மாத்திரமல்ல, ஆபத்தும் இருக்கின்றது. ஒருவர் கொடுத்த 5,000 ரூபாயும், நூறு பேர் கொடுத்த ஐம்பது ஐம்பது ரூபாயும் பெட்டியில் ஒரே தொகைதான். ஆனால் ஸ்தாபனத்துக்கு அவை ஒன்றல்ல. நூறு பேரில் பத்துப் பேர் விலகினால் தொண்ணூறு பேர் மிஞ்சுவார்கள். அந்த ஒருவர் கோபித்துக்கொண்டால் பள்ளிக்கூடத்தையே மூட வேண்டியதுதான். அதுமட்டுமா? மாலைக்கு மேல் மாலை போட்டு வளர்க்கப்பட்ட அந்தக் கனவான், நாளைக்கு அந்தப் படிப்பகத்தில் எந்தப் பத்திரிகை போட வேண்டும், எந்தத் தெருப்பிள்ளை உள்ளே வந்து உட்காரலாம் என்பதைத் தீர்மானிக்கின்றவராகவும் ஆகிவிடுகின்றார். பலர் பணத்தில் நடக்க வேண்டிய பொதுச்சொத்து ஒருவர் வீட்டுத் திண்ணையாக மாறுவது இப்படித்தான். ஆகையால், சிறு தொகை கொடுத்தவர்களைக் கவனிப்பது மரியாதைக்கான விஷயம் மாத்திரமல்ல, ஸ்தாபனத்தின் சுதந்திரத்தைக் காப்பாற்றுகின்ற விஷயமுமாகும்.

சிறு தொகைக்காரர்களைக் கவனித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பத்திரிகையின் சரித்திரமே சாட்சியாய் இருக்கின்றது. நியூயார்க் துறைமுகத்தில் நிற்கின்ற சுதந்திர தேவி சிலையைப் படத்திலாவது பார்க்காதவர்கள் இல்லை. அந்தச் சிலையைப் பிரெஞ்சு மக்கள் தங்களுக்குள் வசூல் செய்து கொடுத்தார்கள். அதை நிறுத்துவதற்கான பீடத்தை அமெரிக்கர்கள் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் பீடத்துக்குப் பணம் சேரவில்லை. 1884இல் நியூயார்க் மாகாண கவர்னர் சர்க்கார் பணம் கொடுக்கும் மசோதாவை மறுத்துவிட்டார். நாட்டின் காங்கிரஸ் சபையிலும் பணம் ஒதுக்கும் முயற்சி பலிக்கவில்லை. நகரத்துச் செல்வந்தர்களும் போதிய அளவில் முன்வரவில்லை. அப்போது, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவரும், “வேர்ல்டு” என்னும் பத்திரிகையை நடத்தியவருமான ஜோசப் புலிட்சர், 1885ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், ஒரு லட்சம் டாலர் சேர்ப்பதாகச் சொல்லிப் பொதுஜனங்களிடம் நேரே கேட்டார். தொகை எவ்வளவு சிறியதாயிருந்தாலும், கொடுத்த ஒவ்வொருவர் பேரையும் தன் பத்திரிகையில் அச்சடிப்பதாக வாக்குக் கொடுத்தார்.

வாக்குப்படியே பேர்கள் அச்சில் வந்தன. அவற்றோடு அவர்கள் எழுதிய கடிதங்களும் வந்தன. ஒரு ஆபீசுப் பையன் 5 சென்ட் அனுப்பினான். சில பிள்ளைகள் சர்க்கஸ் பார்க்கச் சேர்த்து வைத்திருந்த ஒரு டாலரை அனுப்பினார்கள். அயோவா மாகாணத்தில் டேவன்போர்ட் என்னும் ஊரிலிருந்து ஒரு பாலர் வகுப்பு 1 டாலர் 35 சென்ட் அனுப்பிற்று. ஆகஸ்டு மாதம் 11ஆம் தேதி, சுமார் 1,20,000 பேரிடமிருந்து 1,02,000 டாலர் சேர்ந்துவிட்டதென்று அந்தப் பத்திரிகை முதல் பக்கத்தில் வெளியிட்டது. அதில் நூற்றுக்கு எண்பது பாகம் ஒரு டாலருக்கும் குறைந்த தொகைகளாய் வந்தது என்றும் சொல்லிற்று. மறு வருஷம் அக்டோபரில் சிலை திறந்து வைக்கப்பட்டது.

புலிட்சர் இதைத் தர்மத்துக்காகவே செய்தார் என்று சொல்ல நாம் வரவில்லை. அவருடைய பத்திரிகைக்கும் இதனால் விற்பனை பெருகத்தான் செய்தது. அது கிடக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது, அவர் கூறிய நன்றியின் முறையாகும். அவர் யாருக்கும் மாலை போடவில்லை. யாரையும் வள்ளல் என்று புகழவில்லை. “நீ கொடுத்தாய், அது வந்து சேர்ந்தது, மொத்தம் இவ்வளவு ஆயிற்று, இன்னும் இவ்வளவு வேண்டும்” என்று எல்லோரும் பார்க்கும்படி சொன்னார். ஐந்து சென்ட் கொடுத்த பையனும் அச்சில் தன் காசைக் கண்டான். அதைப் படித்த மற்றொரு பையனுக்கும், “நானும் கொடுக்கலாம் போலிருக்கின்றதே” என்று தோன்றிற்று. நன்றியே வசூலாயிற்று.

ஆனால் பீடம் கட்டுவது ஒரே தடவைக் காரியம். வருஷா வருஷம் நடக்க வேண்டிய காரியத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கின்றது. 1956இல் காமராசர் முதல் மந்திரியாயிருந்தபோது பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு ஆரம்பமானது முதலில் ஊரார் நன்கொடையைக் கொண்டுதான். சர்க்கார் பணம் பின்னால்தான் வந்து சேர்ந்தது. பிறகு 1958 முதல், பொதுக் கல்வி இயக்குநராயிருந்த தோழர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று, கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராய்ப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊரார் பள்ளிக்கூடங்களுக்குக் கட்டடமும், தட்டுமுட்டுச் சாமான்களும், மற்றும் தங்களால் முடிந்ததும் கொடுத்தார்கள். அன்றைய கிராமத்தான் இன்றையவனைவிடப் பணக்காரனா? இல்லை. பின் ஏன் கொடுத்தான் என்றால், அவன் கொடுத்த அரிசி அவன் கண்ணெதிரிலேயே சோறாகிப் பிள்ளைகள் வயிற்றுக்குப் போயிற்று. அவன் கொடுத்த பெஞ்சில் அவன் தெருப்பிள்ளை உட்கார்ந்தான். “நான் கொடுத்தது எங்கே போயிற்று?” என்னும் கேள்விக்கே இடமிருக்கவில்லை. கண்ணால் கண்டதைவிடப் பெரிய நன்றிக் கடிதம் வேறு எது?

இதற்கு மாறாக, வெறும் வாய்நன்றி எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் பகுத்தறிவோடு பார்க்க வேண்டியிருக்கின்றது. அமெரிக்காவில் இதைச் சோதனை செய்தே பார்த்துவிட்டார்கள். பொதுத் தொலைக்காட்சி நிலையங்கள் முதலியவைகளுக்குப் புதிதாய் நன்கொடை கொடுத்த ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாய்ப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மாத்திரம் டெலிபோனில் நன்றி சொல்லி, மற்றப் பிரிவினருக்குச் சொல்லாமல் விட்டு, இப்படிச் சில வருஷங்கள் பார்த்தார்கள். 2023இல் வெளியான அந்த ஆராய்ச்சியின் முடிவு என்ன? நன்றி சொல்லப்பட்டவர்களும் சொல்லப்படாதவர்களும் மறுபடி கொடுத்ததில் வித்தியாசமே இல்லை. வசூலில் அனுபவசாலிகளோ, நன்றி சொன்னால் நிறையப் பலன் இருக்குமென்று முன்கூட்டியே அடித்துச் சொல்லியிருந்தார்கள்.

பேனா, பை முதலிய அன்பளிப்புக் கொடுத்தால் நன்கொடை பெருகும் என்று நினைப்பவர்களும் உண்டு. அதையும் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். அன்பளிப்பு உண்டு என்று சொன்னபோது ஜனங்கள் கொடுக்க முன்வந்த தொகை குறைந்தே போயிற்று. ஏன் குறைந்திருக்கும் என்று நம்மைக் கேட்டால், பிள்ளைகள் படிப்புக்கென்று கொடுக்க வந்தவனைக் கடையில் பேரம் பேசுகின்றவனாக ஆக்கினால் அவன் பேரம்தான் பேசுவான் என்று சொல்லுவோம்.

இந்தச் சோதனைகளைக் கொண்டு நன்றியே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. வெறும் “வணக்கம், மிக்க நன்றி” என்பதை நம்பி அடுத்த வருஷ வரவு செலவைப் போடாதே என்றுதான் அவை சொல்லுகின்றன. இது பகுத்தறிவுக்காரர்களுக்குப் புதிய சேதியல்ல. மந்திரம் சொன்னால் மழை வராதது போலவே, நன்றி என்ற வார்த்தையைச் சொன்னால் மாத்திரம் பணம் வராது.

கோயிலுக்குக் கொடுப்பவனுக்குப் புரோகிதன் என்ன பதில் சொல்லுகின்றான்? “உனக்குப் புண்ணியம், உன் பிள்ளைக்குப் புண்ணியம், போகிற இடத்தில் உனக்கு நல்ல கதி” என்கின்றான். அந்தப் புண்ணியத்துக்கு ரசீது இல்லை. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவனும் இல்லை. கணக்குக் கேட்க முடியாத சரக்கை விற்பவனுக்குக் கணக்குப் புஸ்தகம் எதற்கு? நம் நிலைமை அப்படியல்ல. நம்மிடம் கொடுப்பவருக்கு மேல் உலகத்தில் ஒரு அடி இடம் கூட நம்மால் வாங்கித் தர முடியாது. இந்த உலகத்தில், இந்த ஊரில், அவர் காசு என்ன செய்தது என்று காட்டுவது ஒன்றுதான் நம்மால் முடியும். ஆகவே நமக்கு நன்றி என்பதும் கணக்கு என்பதும் ஒன்றேயாகும். கணக்கில்லாத நன்றி முகஸ்துதி. நன்றியில்லாத கணக்கு வெறும் எண்.

ஆதலால் வசூல் செய்யும் தோழர்கள் கீழ்க்கண்டவைகளைக் கைக்கொள்ள வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.

முதலாவது, பணம் வாங்கிய அந்த இடத்திலேயே ரசீது கொடுக்க வேண்டும். பத்து ரூபாயானாலும் ரசீது ரசீதுதான். கைப்பேசி வழியாய்ப் பணம் அனுப்புகின்றவர்களுக்கு அன்றைக்கே பேர் சொல்லிப் பதில் போக வேண்டும். இன்னார் அனுப்பினார் என்பது கூடத் தெரியாமல் பணம் மாத்திரம் வந்து விழுந்து கிடக்கும்படி விடுவது, வாசலுக்கு வந்தவரை “வாருங்கள்” என்று சொல்லாதிருப்பதற்குச் சமானம்.

இரண்டாவது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது வரவு செலவை எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். கொடுத்தவர்களுக்கும் அனுப்ப வேண்டும். எழுத்தறியாதவர்களுக்குக் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். உண்டியலில் பேர் தெரியாமல் போட்டவர்களுக்கும் அந்த அறிக்கைதான் நன்றி. “மாணவர் நலனுக்குச் செலவு” என்று பொத்தாம் பொதுவாய் எழுதினால் ஒருவனுக்கும் விளங்காது. “பத்தாம் வகுப்புப் புஸ்தகம் பன்னிரண்டு, மேசை விளக்கு இரண்டு, சாயந்திரம் வந்து படிக்கின்ற பெண் பிள்ளைகள் ஒன்பது பேர்” என்று எழுதினால் கொடுத்தவருக்குக் கண் முன்னால் தெரியும். மழையில் கூரை ஒழுகிப் புஸ்தகம் நனைந்திருந்தால் அதையும் எழுதுங்கள். கெட்ட சேதியையும் சொல்லுகின்றவனுடைய நல்ல சேதியைத்தான் ஜனங்கள் நம்புவார்கள்.

மூன்றாவது, கொடுத்தவர் பேர்களைப் போட்டால் அகரவரிசையில், ஒரே அளவு எழுத்தில் போட வேண்டும். பேர் வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பணமில்லாமல் பெஞ்சுக்கால் சரி செய்த தச்சருக்கும், தினம் பெருக்கித் தண்ணீர் வைத்த அம்மாளுக்கும் அந்தப் பட்டியலில் இடமிருக்க வேண்டும்.

நான்காவது, நன்றி சொல்லுகின்ற கடிதத்தில் மறுபடி பணம் கேட்கக் கூடாது. ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டே மறு கையை நீட்டினால், அந்தக் கும்பிடு எதற்கென்று யாருக்கும் தெரியும். கணக்குக்கு ஒரு சமயம், வசூலுக்கு ஒரு சமயம் என்று இருக்கட்டும்.

ஐந்தாவது, வெயிலில் அலைந்து வசூலிக்கின்ற வாலிபர்களை மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலைக்கு நன்கொடை கேட்டு டெலிபோன் செய்கின்ற வேலைக்காரர்களிடம் மேலதிகாரி நேரில் வந்து நன்றி கூறினபோது, அடுத்த வாரத்தில் அவர்கள் செய்த அழைப்புகள் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயின என்று 2010இல் ஒரு ஆராய்ச்சி வெளியாயிற்று. நன்றிக்குப் பலன் உண்டென்று சோதனையில் தெரிந்த இந்த இடத்தில்தான் நாம் நன்றியை மிச்சம் பிடித்து வருகின்றோம்.

கடைசியாக ஒன்றை மிகவும் அழுத்திச் சொல்லுகின்றோம். உதவி பெறுகின்ற பிள்ளையை மேடையில் ஏற்றி, கொடுத்தவர் காலில் விழச் செய்து, படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்புகின்ற வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். இது நன்றியல்ல, ஒரு பிள்ளையின் மானத்தை விலையாய்க் கொடுத்து இன்னொருவர் பெருமையை வாங்குவதாகும். படிப்புக்கு உதவி வாங்குகின்ற பிள்ளை யாருக்கும் கடன்காரனல்லன். நன்றி சொல்ல வேண்டியது பணத்தை வாங்கிய ஸ்தாபனமே ஒழிய, அந்தப் பிள்ளையல்ல. ஒரு பெண் நோட்டுப் புஸ்தகம் வாங்கக் கூச்சப்பட்டுக்கொண்டு படிப்பை நிறுத்துவாளேயானால், அந்த நிதி இருந்தும் என்ன பயன்? கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் தலை நிமிர்ந்து நிற்கும்படியாய் இருப்பதே யோக்கியமான நன்றியாகும்.

சில தோழர்கள், “பொதுக் காரியத்துக்குக் கொடுப்பது கடமை. கடமைக்கு நன்றி எதற்கு? நன்றியை எதிர்பார்த்துக் கொடுப்பது ஒரு கொடையா?” என்று கேட்கின்றார்கள். கேள்வியில் நியாயம் இருக்கின்றது. ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் கொடுத்தவரே தவிர, வாங்கினவர் அல்லர். கொடுத்தவர் எதிர்பாராமல் இருப்பது அவருடைய பெருந்தன்மை. அதைக் காட்டி வாங்கினவர் சும்மாயிருந்துவிடுவது நாணயக் குறைவு. பிறர் கடமையைப் பற்றி நாம் பிரசங்கம் செய்யலாம். நம் கடமையை நாம் செய்த பிறகு செய்யலாம்.

ஆகவே தோழர்களே! அடுத்த வசூலுக்குக் கிளம்புவதற்கு முன்னால், போன வருஷத்து ரசீதுப் புஸ்தகத்தின் அடிக்கட்டையை எடுங்கள். அதிலுள்ள பேர்களை ஒவ்வொன்றாய் வாசியுங்கள். கையில் உண்டியல் இல்லாமல், கணக்கை மாத்திரம் எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போங்கள். “அம்மா, போன வருஷம் நீங்கள் கொடுத்த 20 ரூபாயையும் சேர்த்து இன்ன இன்ன வாங்கினோம்; இத்தனை பிள்ளைகள் படிக்கின்றார்கள்; ஒரு நாள் வந்து பாருங்கள்” என்று சொல்லிவிட்டு, வேறொன்றும் கேட்காமல் திரும்பி வாருங்கள். வந்து பார்க்கின்றவர் பலருக்கு, மறு வருஷம் நீங்கள் கேட்கவே வேண்டியிராது என்பது நமது உறுதியான அபிப்பிராயம். அப்படியும் கொடுக்காதவர் இருந்தால் இருக்கட்டும். அவர்களிடத்திலும் ஒழுங்காய்க் கணக்குச் சொன்னவர்கள் என்ற பேராவது நமக்கு மிஞ்சும். பொதுக் காரியத்துக்கு அதைவிடப் பெரிய மூலதனம் வேறில்லை.